ஹார்வுட் பூங்காவில் குறட்டை விடலாம்

1958-ல் திண்டுக்கல் கடைத்தெருவுக்குப் பின்னால், பதினைந்து சென்ட் நிலத்தில் ஒரு பூங்கா திறந்தார்கள். கிழக்கிந்தியக் கும்பினி காலத்தில் இங்கே அதிகாரம் செய்த ஹார்வுட் துரையின் பெயர் அதற்கு. ஊரெல்லாம் வெள்ளைக்காரன் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரம்தான். ஆனால் இந்தத் துரை, அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம் என்று உத்தரவு போட்டு, அதற்காகவே கும்பினியிடம் வேலையைப் பறிகொடுத்தவர். ஆகவே அவர் தேசபக்தரே என்று பூங்கா பரிபாலனக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது.

காவலுக்கு இஞ்ஞாசியைத் தற்காலிகமாக வைத்தார்கள். ஒழுங்காக இருந்தால் வருஷக் கடைசியில் நிரந்தரம். நாலு பிள்ளைக்காரனான இஞ்ஞாசி அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் காக்கிச்சட்டை தைத்தான்.

முதல் வாரமே கமிட்டிக் காரியதரிசி அழகர்சாமி பார்வையிட வந்தார். புங்கமரத்தடியில் பூட்டுப்பட்டறை சேக் பரீது துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் பூக்காரி ராக்கம்மாள் கற்பூரம் கொளுத்தியிருந்தாள். இஞ்ஞாசி தூக்குவாளியைத் திறக்குமுன் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னய்யா இது?”

“கும்பிடுறோங்கய்யா. துரையே கும்பிடலாம்னுதான...”

“துரை அந்த உரிமையைக் கொடுத்தாரு. அந்த உரிமைக்கு நாம மரியாதை செய்யுறோம். கும்பிட்டுக்கிட்டே எப்படிய்யா மரியாதை செய்யுறது?”

மறுநாள் பலகை வந்தது: ‘மத சுதந்திரத்தின் மாண்பு கருதி, இப்பூங்காவினுள் வழிபாடு கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.’

எது வழிபாடு என்று இஞ்ஞாசிக்குப் புரியவில்லை. கமிட்டிக்கு எழுதிக் கேட்டான். மூன்று வாரத்தில் விளக்கம் வந்தது: ‘கண்களை மூடி ஒரு நிமிடத்துக்கு மேல் அசைவற்றிருத்தலும் வழிபாடாகக் கருதப்படும். உறக்கத்துக்கு விலக்கு உண்டு. குறட்டை அத்தாட்சியாக ஏற்கப்படும்.’

அன்று முதல் இஞ்ஞாசி பெஞ்சு பெஞ்சாகப் போனான்.

“அண்ணே, தூங்குறீகளா, கும்பிடுறீகளா?”

“வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு, செத்த நேரம் கண்ணசந்தேன்பா.”

“அப்ப ஒரு கொறட்டை விடுங்க. எழுதிக்கிறேன்.”

ராக்கம்மாள் இரண்டே நாளில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டாள். வேப்பமரத்தைப் பார்த்து நின்றபடியே, கண்ணை மூடி, கடைத்தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி குறட்டை விட்டாள். சட்டப்படி அவளை எழுப்பக்கூட முடியவில்லை. சேக் பரீது மட்டும் சம்மதிக்கவில்லை. “தொழுகையில பொய்க் கொறட்டை எனக்கு வராதுப்பா” என்று பட்டறைக்கே போய்விட்டார். இஞ்ஞாசியோ வாசலுக்கு வெளியே போய்ச் சிலுவை போட்டு, உள்ளே வந்து சாப்பிட்டான். காவலிடத்தை விட்டு அகன்றதாக மெமோ வந்தது.

பேச்சு ஊரில் பரவியதும், பொதுஜன அபிப்பிராயம் அறிய கமிட்டி ஒரு மனுப்பெட்டி வைத்தது. இஞ்ஞாசிக்கு நிம்மதி. இனி பலகை போய்விடும், குறட்டைக் கணக்கும் ஓயும்.

ஒரு மாதத்தில் அறுபத்து மூன்று மனுக்கள் விழுந்தன. காரியதரிசி கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் இஞ்ஞாசியே வாசித்தான். மறுபடி கற்பூரம் கொளுத்தினால் புகையில் மூச்சு முட்டும் என்றார் சேக் பரீது. மறுபடி துண்டு விரித்தால் நடக்கத் தடமிருக்காது என்று ராக்கம்மாள் கைநாட்டு வைத்திருந்தாள். காவல்காரனே சிலுவை போடுகிறான் என்று பதினெட்டுப் பேர். பலகையை எடுக்கச் சொல்லி ஒருவரும் எழுதவில்லை. அடுத்தவர் கண்ணில் படும்படி இன்னும் பெரிதாக வைக்கத்தான் சொல்லியிருந்தார்கள். ராக்கம்மாளின் குறட்டையைப் பற்றிய ஒரு மனு தன் கையெழுத்திலேயே இருந்ததால், அதை மட்டும் இஞ்ஞாசி வாசிக்காமல் அடியில் செருகினான்.

“எல்லாத்தையும் ஏத்துக்கிறோம்” என்றார் அழகர்சாமி. “ஒரு மனுவைத் தள்ளினாலும் பாரபட்சமாயிரும்.”

எல்லா மனுவையும் ஏற்றதில் உள்ளே விட யாரும் மிஞ்சவில்லை; பூங்காவைப் பூட்டினார்கள். பூட்டிய பூங்காவுக்கு நிரந்தரக் காவல் அவசியம் என்று இஞ்ஞாசிக்கு உத்தரவு வந்தது.

இப்போதும் சாயங்காலம் சேக் பரீது கம்பிக்கதவருகே நிற்பார்.

“உள்ள யாரும் கும்பிடலையே?”

“யாருமில்ல பாய்.”

அவர் போனபின் ராக்கம்மாள் வருவாள். அதையேதான் கேட்பாள். இருவருமே மனநிறைவோடு வீட்டுக்குப் போகிறார்கள்.