பின் பிரேக்கில் அரைத் திருகு

பெண்டாட்டி தோற்கிறதைக் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்று கடையைப் பூட்டி, பெட்டி கட்டி, கப்பல் ஏறிப்போன கணவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம்ம மிஷின்காரர் போனார். தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. கெட்டவர் இல்லை, தங்கமான மனுஷர். அவருக்கு வேண்டியதெல்லாம் ஏழு மணி வரை தூக்கம், எழுந்ததும் கையில் ஒரு டம்ளர் காப்பி. பத்தொன்பது வருஷமாக அது தானாக நடந்துகொண்டிருந்தது. தானாக நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயசு நாற்பத்து நாலு. முட்டி வலிக்கிறது என்று நீச்சல் குளத்தில் சேர்ந்தவர், அங்கே சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கேயோ ஒரு தீவாம். கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தவேண்டுமாம். ஈரத்தோடு ஏறி வந்து தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கவேண்டுமாம். அதற்குப் பிறகு, போதாதென்று, இருபத்தோரு கிலோமீட்டர் ஓடவேண்டுமாம். எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். இதைக் கேட்டதும் மிஷின்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சர் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கு டீச்சர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படியானால் அடுப்படி? நீங்கள் நினைக்கிறது சரிதான். முதல் வாரத்தில் மூன்று தடவை பால் பொங்கி அடுப்பை அணைத்தது. முட்டையை உடைத்தால் ஓடு பாதி சட்டிக்குள் போனது. வெங்காயம் நறுக்கி நறுக்கி, வாடிக்கையாளர்கள் வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரிக்கும் அளவுக்குக் கண் சிவந்தது. இரண்டு மாசம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றுகொண்டு கேட்டேவிட்டார்.

"இதுக்கு ஒரு முடிவு இல்லையா? எத்தனை நாளைக்கு நான் இப்படி வெந்துட்டிருக்கறது?"

"ரேஸ் முடியற வரைக்கும்."

"சரி, அப்படின்னா பேசிடுவோம். நேரத்துக்குள்ள நீ ரேஸை முடிச்சுட்டா, ஆயுசுக்கும் காலைச் சமையல் என்னோடது. முடிக்கலன்னா சைக்கிளை வித்துட்டு, பழையபடி நீ அடுப்படிக்கு வந்துடணும்."

"சம்மதம்."

டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த இடத்திலேயே மனுஷர் உஷாராகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டே பாத்திரம் கழுவினார்.

ஆனால் நாளாக ஆக அவர் காதுக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. குளத்தில் டீச்சர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அறுபது தடவை போய்வருகிறார் என்று ஒருவர் வந்து சொன்னார். இன்னொருவர், ஊருக்கு வெளியே ஆற்றுப் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார், அதுவும் சிரித்த முகமாக. இது முடித்துவிடும் போலிருக்கிறதே என்று அவருக்குப் பட்டது. ஆயுசுக்கும் வெங்காயம் என்று நினைத்தபோது ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இருபது வருஷமாகத் திருகாணியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷருக்கு யோசனையும் திருகாணியாகத்தான் வரும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எண்ணெய் போடுகிற சாக்கில், டீச்சரின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பின் பிரேக்கின் கம்பியை இறுக்குகிற திருகு ஒன்று இருக்கிறது. அதை அரைச் சுற்று திருப்பினார். அவ்வளவுதான். பிரேக் கட்டை சக்கரத்தை லேசாக உரசும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. மிதிக்கிற காலுக்கு மட்டும் சமதரை மேடாகிவிடும். பத்து நாளில் வெறுத்துப்போய் இவளே விட்டுவிடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு.

மறுநாள் டீச்சர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். வண்டி என்னவோ கனமாக இருக்கிறது என்றார். மிஷின்காரர் முகத்தை ரொம்பப் பரிவாக வைத்துக்கொண்டு, நமக்கும் வயசாகிறதில்லையா என்றார். டீச்சர் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். அடுத்த வாரம் பத்து கிலோமீட்டர் கூடுதலாக மிதித்தார்.

பிரேக் கட்டை தேயத் தேய இவர் இன்னொரு அரைச் சுற்று திருப்பினார். அவர் இன்னொரு பத்து கிலோமீட்டர் கூட்டினார். இப்படியே எட்டு மாசம். சனிக்கிழமைதோறும் இவர் சைக்கிளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, தெருவே இவர்தான் டீச்சருக்கு கோச் என்று முடிவு கட்டியது. குளத்தில் டீச்சரோடு நீந்துகிற நாலு பெண்கள் வழியில் பார்த்தால் "கோச் சார்" என்று வணக்கம் வைப்பார்கள். மிஷின்காரர் அந்த வணக்கங்களையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். கிளம்புவதற்கு முந்தின நாள், இருக்கட்டும் என்று, கடைசியாக ஒரு திருகு திருகி வைத்தார்.

தீவில் கப்பலைவிட்டு இறங்கியதும் அவருடைய தொப்பி போயிற்று. எங்கே போயிற்று என்று பார்ப்பதற்குள் கடலில் இருந்தது. காற்று என்றால் அப்படிப்பட்ட காற்று. கடைகளின் பெயர்ப் பலகைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தங்கிய அறையின் கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் முகத்தில்தான் அடித்தது. மிஷின்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நல்ல சைக்கிளே இந்தக் காற்றில் நகராது, நம்ம சைக்கிள் எங்கே நகரப்போகிறது என்று நிம்மதியாகப் படுத்தார். சைக்கிளை முந்தின சாயங்காலமே வேலி போட்ட இடத்துக்குள் விட்டுவிட வேண்டும், போட்டிக்காரர்களைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது. டீச்சர் தனியாகப் போய் விட்டுவிட்டு வந்தார்.

காலை ஏழு மணிக்குப் போட்டி. கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. கரையில் அறுநூறு பேர் நின்றார்கள். பாதிப் பேர் முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சர் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, வரேன் என்றார், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி. பிறகு தண்ணீருக்குள் நடந்து போனார்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது. முதல் பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீச்சலுக்குக் கெடு ஒரு மணி பத்து நிமிஷம், அது தாண்டினால் அவருக்கு விடுதலை. அதற்குப் பிறகு கடிகாரம் மறந்துபோய், அலைக்கு நடுவே தெரிந்து தெரிந்து மறையும் தொப்பிகளில் டீச்சருடையது எது என்று தேட ஆரம்பித்தார். ஒரு பெரிய அலை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமாக ஒரே கூரைக்கடியில் இருக்கிறோம், இவளுக்கு இவ்வளவு தைரியம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டாவது நிமிஷம் டீச்சர் தள்ளாடிக்கொண்டே கரையேறினார். கண்ணைச் சுற்றிக் கண்ணாடியின் தடம் பதிந்திருந்தது. இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஓடினார்.

"என் பெண்டாட்டிங்க அது," என்றார் மிஷின்காரர், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கி.

சொல்லி வாயை மூடுவதற்குள் பிரேக் ஞாபகம் வந்தது. வேலியோரமாக ஓடினார். அதற்குள் டீச்சர் சைக்கிளில் ஏறிப் போயாயிற்று.

சைக்கிள் பாதையில், முடிவுக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு மேடு வரும். தீவின் காற்று முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது. போட்டிக்காரர்கள் அதை இரண்டு முறை கடக்கவேண்டும். பார்வையாளர்களை ஏற்றிப்போகிற வேனில் முண்டியடித்து ஏறி மிஷின்காரர் அங்கே போய் நின்றார். முதல் சுற்றில் டீச்சர் வந்தபோது, பின் பிரேக்கைப் பார் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். காற்று அந்தச் சொற்களை அப்படியே தூக்கி அவருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டது. டீச்சர் கையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் சுற்று. சைக்கிள் பாதைக்குக் கெடு பன்னிரண்டரை. மணி பன்னிரண்டு ஆவதற்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டீச்சர் மேட்டில் ஏறி வந்தார். சரியாக அவருக்கு எதிரே வந்ததும் செயின் கழன்று, பல் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. டீச்சர் இறங்கினார். மிஷின்காரர் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். விசில் ஊதிக்கொண்டு ஒரு நடுவர் குறுக்கே வந்தார்.

"தொடாதீங்க. வெளியாள் கை பட்டா அவங்க போட்டியிலேர்ந்து வெளிய."

மிஷின்காரர் நின்றுவிட்டார். யோசித்துப் பாருங்கள். ஒரு விரல் பட்டால் போதும். ரேஸ் போயிற்று, சைக்கிள் போயிற்று, வெங்காயம் போயிற்று. பழையபடி ஏழு மணித் தூக்கம், கையில் காப்பி. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. உதவப் போன கணவன், விதிமுறை தெரியாத அப்பாவி என்று ஊரே உச்சுக் கொட்டும். பத்து மாசமாகக் காத்திருந்த வாய்ப்பு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

மனுஷர் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், இடுப்பு பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டார். டீச்சர் செயினை மேலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். கீழிருந்து இழுத்தால் ஒரு நொடியில் வந்துவிடும், அது இவருக்குத் தெரியும். யோசனை சொன்னாலும் உதவி என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். நாலு நிமிஷம் போயிற்று. இவ முடிக்கணும், கடவுளே, இவ எப்படியாவது முடிச்சுடணும் என்று துண்டுக்குள் முனகினார்.

டீச்சர் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரும்பலகையில் தப்பாக வந்த கணக்கைப் பார்க்கிற மாதிரி செயினை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீழிருந்து இழுத்தார். வந்துவிட்டது. பின் சக்கரத்தைத் தூக்கி மிதியைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கிற வழியாகவே இல்லை. மிஷின்காரரின் தொழில் கண்ணுக்கு அது தப்புமா? பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. வாயிலிருந்த துண்டு தானாகக் கீழே விழுந்தது.

டீச்சர் ஏறி உட்கார்ந்தார். கறுப்பு மை படிந்த விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "தொடாம நின்னீங்க பாருங்க, அது போதும்," என்று சொல்லிவிட்டுக் காற்றுக்குள் போனார்.

பன்னிரண்டு இருபத்தேழுக்கு சைக்கிள் உள்ளே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். திடகாத்திரமான ஆண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வழியோரம் உட்கார்ந்தார்கள். டீச்சர் வேகமாகவும் ஓடவில்லை, மெதுவாகவும் ஓடவில்லை, வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்துகிற மாதிரி கிலோமீட்டர் கிலோமீட்டராக முடித்துக்கொண்டு வந்தார். கெடு மூன்றரை. மூன்று இருபத்தொன்றுக்குக் கோட்டைத் தாண்டினார். மிஷின்காரர் அத்தனை பேர் நடுவே வெட்கமில்லாமல் அழுதார். வெங்காயம் நறுக்காமல் அவர் அழுது ரொம்ப நாளாயிற்று.

நடைபாதை ஓரத்தில் டீச்சரை உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

"பிரேக்தானே? ரெண்டாவது வாரமே தெரியும். வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி சக்கரத்தைச் சுத்திவிட்டு எண்ணுவேன். முப்பது சுத்து சுத்தினது ஏழு சுத்துல நின்னுச்சு."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"நம்ம ஊர்ல ஏதுங்க காத்து? இந்தத் தீவுக் காத்துக்கு எப்படிப் பழகறதுன்னு மண்டையை உடைச்சிட்டிருந்தேன். நீங்களே கொண்டுவந்து மாட்டிவிட்டீங்க. என்ன, உங்க அரைத் திருகு பத்தல. ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி நான் இன்னொரு அரைத் திருகு போட்டுக்குவேன். நேத்து சாயங்காலம் உள்ள விடறப்போதான் எல்லாத்தையும் தளர்த்தினேன். காத்துல வண்டி பறந்துச்சுங்க."

இப்பேர்ப்பட்டவளையா நான் ஏமாற்றப் பார்த்தேன் என்று நினைத்தபோது, மிஷின்காரருக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக வந்தது. ஆயுசுக்கும் காலைச் சமையல் தன்னுடையது என்றும், தோற்றதற்காக இல்லை, மனசார ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னார். இரண்டு பேருக்குச் சமைப்பது ஒரு வேலையா என்றுகூடக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, டீச்சரை உற்சாகப்படுத்த வந்திருந்த குளத்துப் பெண்கள் நாலு பேரும் காற்றில் சேலையையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷத்துக்கு நாங்களும் பெயர் கொடுத்துவிட்டோம், எங்கள் சைக்கிளுக்கும் டீச்சர் சொன்ன அந்தத் திருகை நீங்கள்தான் வைத்துத் தரவேண்டும் கோச் சார் என்று கேட்டுக்கொண்டார்கள். மிஷின்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கென்ன, எல்லாரும் வாருங்கள், இது நம்ம வீட்டு விஷயம் என்று நெஞ்சை நிமிர்த்தி வாக்குக் கொடுத்தார். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்.

டீச்சர் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"தினமும் காலையில அஞ்சு பேரும் நம்ம வீட்லேர்ந்துதாங்க கிளம்பப் போறோம். சாப்பாடு கோச் கையாலன்னு அப்பவே சொல்லி வெச்சுட்டேன்."