முனியனின் மனு

முதல் புத்தகம் எழுதியவன் வெளியீட்டு விழா வரைக்கும் அறிவாளியாக இருந்துகொள்ளலாம். எனக்கு அந்தப் பாக்கியம் விழா தொடங்கி இருபது நிமிடம் வரை நீடித்தது.

பத்திரத்தில் பெயர் வர எங்கள் குடும்பத்துக்கு நிலமே இருந்ததில்லை. படாளத்தில் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். அந்த வீட்டுப் பிள்ளை நான் சனிக்கிழமைதோறும் சென்னைக்குப் போய், பழைய அரசு ஆவணங்களைப் படித்து, அவற்றை எங்கள் மாவட்டத்து மக்களுக்குப் புரியும்படி சொல்லி ஒரு புத்தகமே போட்டுவிட்டேன். (கர்வம் இருக்காதா? இருந்தது. சட்டைகூடப் புதுசு.)

புத்தகத்தின் உயிர் மூன்றாம் அத்தியாயம். சதுரங்கப்பட்டினத்துக் கூலியாள் ஒருவர், உழுகிற மண்ணில் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று சர்வே எண்ணோடு குறிப்பிட்டு வெள்ளைக்காரக் கலெக்டருக்கு அனுப்பிய மனு. தாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் கைபேசியில் எடுத்துவந்த படத்தில், அடியில் ‘முனிய’ என்று மட்டும் தெரிந்தது. முனியன்தான், வேறு யார்? நானே முடிவுகட்டி, அவருக்கு முறுக்கு மீசை, அகன்ற மார்பு, சிங்க நடை எல்லாம் கொடுத்து ஆறு பக்கம் எழுதித் தள்ளினேன்.

விழா சதுரங்கப்பட்டினத்துக் கல்யாண மண்டபத்தில். மனுவின் படத்தைத் திரையில் போட்டு மீசையை வர்ணித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

“சார், நான் ஸ்டெல்லா. நர்ஸா கீறேன். நீங்க சொன்ன சர்வே நம்பர்லதான் எங்க வூடு கீது. பழைய பட்டாவுல முனியன்னு யாரும் இல்ல. முனியம்மாள்னு கீது. எங்க தாத்தாவோட அம்மா.”

பிளாஸ்டிக் கவரிலிருந்து பட்டாவை எடுத்து மேடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். அதே எண்தான்.

“அப்ப பேரு மேல இன்னா சார் அது, பணியாரமாட்டம்?” என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

திரையை உற்றுப் பார்த்தேன். நகம் தெரிந்தது.

“என் கட்டைவிரல்” என்றேன்.

மண்டபமே குலுங்கியது. என் மனைவி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கட்டை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தோம். என் விரல் மறைத்த இடத்தில் முழுப் பெயரும் இருந்தது. பக்கத்தில், முனியம்மாள் தன் கட்டைவிரலை அழுத்திவைத்த கைநாட்டு. ஸ்டெல்லா அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பள்ளிக்கூடம் பக்கமே போவாத பொம்பள, கலெக்டரையே கேட்டுகீது சார்” என்றார் மெல்ல.

அத்தனை பேர் முன்னால் மானம் போனதற்கு அன்று நான் வருந்தவில்லை. அந்தப் புத்தகம் மட்டும் இல்லையென்றால் தாள் கட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

இரண்டாம் பதிப்பில் மூன்றாம் அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுதினேன். இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், முனியம்மாள் கேட்டு வாங்கிய மண்ணில் நிற்கும் அந்த வீட்டில்தான் எங்களுக்குப் பிரியாணி. புதிதாக வரும் உறவினர்களிடம் ஸ்டெல்லா என்னை நூலாசிரியர் என்று இதுவரை அறிமுகம் செய்ததில்லை.

“இவருதான் எங்க முனியம்மாளுக்கு மீச வச்சவரு” என்பார்.