துண்டுக்குள் பேசிய காலேஜ்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: காலேஜ் பிரின்ஸிபால், அவருடைய பியூன் மாரியண்ணன், என் தம்பி வேலுச்சாமி, அப்புறம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருச்செங்கோட்டுப் பக்கம் விசாரித்தால் நாற்பது பேராவது "நானும் அங்கதானுங்க நின்னுட்டிருந்தேன்" என்பார்கள். நம்பாதீர்கள்.

தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தான். எங்கள் வீட்டில் அதுவரை தேறியவை காளைகள் மட்டுந்தான். நல்ல காலேஜாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்லி அய்யன் (எங்கள் அப்பா) என்னை அனுப்பினார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சந்தையில் மாடு பார்த்து வாங்குவதில் கெட்டி (என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்).

அது உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளிப் போய்ச் சேர்ந்த முதல் காலேஜில், ஹாஸ்டல் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. தம்பி தூக்கத்தில் நடந்துபோய் விழுந்துவிட்டால்? (அவன் தூக்கத்தில் புரண்டுகூடப் படுத்ததில்லை.) வேண்டாம் என்றேன். இரண்டாவது, மாடிக் கட்டடம். இடிந்து விழுந்தால்? அதுவும் வேண்டாம்.

மூன்றாவது காலேஜ் வாசலில் தம்பி அழாத குறை.

"ஏனுங்ணா, சேர்க்கறதுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு. இதையும் வேண்டாம்னீங்கன்னா, அய்யன் என்னையக் கவலை ஓட்ட உட்ருவாருங்க."

கவலை ஓட்டுவதென்றால் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பது. மற்றக் கவலையெல்லாம் எங்கள் வீட்டில் என் இலாகா.

பிரின்ஸிபால் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார். தம்பியின் மார்க்கைப் பார்த்தார். "பையன் கெட்டிக்காரன். சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்து, என் பக்கம் கையை நீட்டினார்.

கை குலுக்குவதென்று ஒரு வழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து ஒருவர் கையை நீட்டினால் அது விலை பேசத்தான். சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரல்களைப் பிடித்துப் பேசுவோம். பியூன் வேறு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தோள் துண்டை உருவி எங்கள் கைகளின் மேல் போட்டேன்.

பிரின்ஸிபால் திடுக்கிட்டார். ஆனாலும் மரியாதைக்காக என் ஐந்து விரலையும் பிடித்து மூன்று தரம் குலுக்கினார்.

ஐமூணு பதினைந்து! (வாய்ப்பாடு மட்டும் எனக்கு மறக்கவில்லை.) காலேஜுக்குக் கட்டுகிற சம்பளம் அவ்வளவுதானா? நான் பயந்துபோய் மடியில் ஐம்பது ரூபாய் முடிந்து வந்திருந்தேன்.

"முடிஞ்சுதுங்க" என்று பதினைந்தை எண்ணி மேஜைமேல் வைத்தேன். அதோடு நிறுத்தினேனா? "வெளிய ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேனுங்க" என்று கிசுகிசுத்தேன்.

அவர் முகம் மிளகாய்ப் பழமானது. "எனக்கே லஞ்சமா? வெளியே போங்கள், இரண்டு பேரும்!"

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். எனக்கோ, விலை படியவில்லை என்றுதான் பட்டது. "சரிங்க, இருபதா வெச்சுக்கங்க" என்றேன்.

மாரியண்ணன் ஆத்தூர்ப் பக்கத்து ஆள்; மாட்டுச் சந்தை வழக்கம் தெரிந்தவர். வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, லஞ்சம் இல்லீங்கய்யா. மாட்டுக்கு வெல பேசுறாரு."

"எந்த மாட்டுக்கு?"

பியூன் தம்பியைக் காட்டினார்.

விஷயம் முழுவதும் விளங்கியதும் பிரின்ஸிபால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு மாரியண்ணனிடம் பாடம் கேட்டுக்கொண்டு, அவரே துண்டை விரித்தார். உள்ளே என் நான்கு விரல்களைப் பிடித்தார். அது பத்துக் கணக்கு. விட்டு, மறுபடி இரண்டு; அது ஒற்றை ரூபாய். நாற்பத்திரண்டு. பழக்க தோஷத்தில் ஒரு விரலை மெல்ல உருவப் பார்த்தேன்.

"ஒரு சல்லி குறையாது!" என்றார், வாய்விட்டே.

தம்பி சேர்ந்துவிட்டான். படித்து, இன்றைக்கு அவனே ஒரு காலேஜில் வாத்தியார். என்னிடம் அவன் குரலை உயர்த்தினால் போதும், என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து சொல்வாள்: "பாத்துங்க, பதினஞ்சு ரூவா மாடு முட்ட வருது."

ஆனால் அன்றைக்கு வெளியே வந்ததும் மாரியண்ணன் என்னை மறித்தார். "ஏம்ப்பா, நடுவுல நின்னு பேசி முடிச்சது நான்தானே? தரகு எங்க?"

பஸ் வழியில் நின்றுவிட்டால் கையில் காசு வேண்டுமே என்ற பயத்தில், "அடுத்த நடை வாரப்பத் தாரேனுங்க" என்றேன். வெட்கத்தில் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. தம்பி லீவுக்கு வரும்போதெல்லாம் அவர் சொல்லி அனுப்புவார்.

தரகு, ஒரு ரூபாய். இன்னும் பாக்கி.