குப்பி அண்ணனின் தவக்காலக் குழம்பு

கேப்பர் குப்பியைத் திறந்து, கேப்பரை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் தனக்கு எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் குப்பி அண்ணன்தான்.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு ரிசார்ட். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து காலேஜ் போன முதல் ஆள் என்பதால் எனக்கு அங்கே ரிசப்ஷனில் டை கட்டும் வேலை. அண்ணனுக்கு ஊழியர் மெஸ்ஸில் சமையல். கேப்பர் என்பது பச்சை மிளகு மாதிரி இருக்கும் வெளிநாட்டுப் பூமொட்டு. உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊறியபடி குப்பியில் வரும். பெரிய கிச்சனில் மொட்டைப் பிஸ்ஸா மேல் தூவிவிட்டுத் தண்ணீரைக் கொட்டப் போவார்கள். அதற்குள் அண்ணன் கை நீண்டிருக்கும்.

காலையில் ரிசப்ஷன் ஜன்னலில் தலை தெரியும். "தம்பி, பிஸ்ஸா திங்கிற மூஞ்சி ஏதாச்சும் வந்திருக்கா?"

வந்திருந்தால் அன்று எங்களுக்கு நல்ல ரசம். கப்பைக்கிழங்கு வேகவைக்கவும் அந்தத் தண்ணிதான், பருப்புக்கும் அந்தத் தண்ணிதான். ஒருமுறை மோரில் ஊற்றிவிட்டார். அதைக் குடித்த டிரைவர்கள் மூணாறு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. மெஸ் உப்பு டப்பாவில் ஊசியும் நூலும்தான் இருந்தன.

தவக்காலம் வந்தது. மெஸ்ஸில் பெரும்பாலும் லயத்துக் கிறிஸ்தவர்கள்; ஈஸ்டர் வரை மீனும் கறியும் தொடமாட்டோம். அண்ணனும் அப்படித்தான். முதல் வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. லாண்ட்ரி செல்வமேரியக்கா ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார்.

"கருவாடு போட்டிருக்கான்."

சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் தட்டை வழித்து முடித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். விஷயம் மேனேஜர் வரை போனது. நோன்புச் சோற்றில் மீன் கலந்தது நிஜமென்றால் பெட்டியைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வேலை போவதைவிட, நோன்பைக் கெடுத்தவன் என்ற பேர்தான் தாங்கவில்லை. அன்று அவர் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவேயில்லை.

மறுநாள் மெஸ் நடுவில் அடுப்பை வைத்து எல்லார் முன்னாலும் சமைத்தார். செல்வமேரியக்கா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்காயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் கொடுத்தார். புளி, மிளகாய்த்தூள், கடைசியில் குப்பித் தண்ணி. கொதித்ததும் அக்கா கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு முள் தேடினார். கிடைக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார்.

"கருவாடேதான்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மீனு இல்ல. ஆனா ருசி இருக்கே. இது பாவமா இல்லியாடா?"

அண்ணன் யோசித்தார். "முள்ளு குத்துனாத்தான் பாவம்க்கா."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அக்கா தட்டை நீட்டினார். அடுத்த நாளிலிருந்து ஈஸ்டர் வரை, பிஸ்ஸா மூஞ்சி வந்திருக்கா என்று ஜன்னலில் கேட்டது அக்காதான்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் அந்தக் குப்பியைக் கண்டதும் வாங்கிவிட்டேன். தண்ணி ரெண்டே குழம்பில் தீர்ந்துபோனது. கேப்பர் அப்படியே இருக்கிறது. அதை எப்படித் தின்பது என்று அண்ணன் சொல்லித்தரவே இல்லை.