கை நடுங்காத புதன்கிழமைகள்

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் இனி ஒரு நாள்கூட மாத்திரையை விடுவதில்லை என்று கெங்யாவ் உறுதி எடுத்துக்கொண்டான். இருமல் மருந்தைக்கூடப் பாதி பாட்டிலுக்கு மேல் குடித்தறியாத மனுஷன் அவன். அப்பேர்ப்பட்டவன் காலையில் பல் துலக்கிய கையோடு மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒன்றை விழுங்கி, நாக்கை நீட்டி மனைவி சியூமானிடம் காட்டிவிட்டுத்தான் கடையைத் திறக்கிறான் என்றால், கீலுங் துறைமுகத் தெருவே மூக்கின்மேல் விரல் வைத்தது. சியூமானுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் குடைக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தலைவலிக்குப் பயந்து புருஷன் திருந்திவிட்டான் என்று அவள் நினைத்தாள். பாவம், அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வலி என்றால் லேசுப்பட்ட வலி இல்லை. ஒற்றைத் தலைவலி. கெங்யாவ் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவனுக்குத் திடீரென்று கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னல் ஓடும். வாடிக்கையாளர் சுவரில் இருக்கும் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார். இவன் வாடிக்கையாளரின் மீதிப் பாதியைத் தேடிக்கொண்டிருப்பான். அப்புறம் இடது பொட்டில் சுத்தியல் அடி. குடலைப் பிடுங்கும் வாந்தி. பின்னறையில் திரையை இழுத்துவிட்டுக் குப்புற விழுந்தான் என்றால் அன்றைய பிழைப்பு அவ்வளவுதான்.

அந்த நேரங்களில் சியூமான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். தெருவில் ஒருவன் தும்ம முடியாது. ஒரு தடவை மாட்ஸு அம்மன் ஊர்வலம் மேளமும் வெடியுமாகத் தெருமுனையில் திரும்பியது. இவள் நடுத்தெருவில் போய் நின்றாள். "அம்மன் பேசாமத்தான் உட்கார்ந்திருக்கா. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று ஒரு கேள்வி. ஊர்வலம் பூனை மாதிரி நடந்து போயிற்று. வெடியெல்லாம் அடுத்த தெருவில்தான் வெடித்தது. அந்த நன்றி கெங்யாவுக்கு உண்டு. நினைத்தால் கண் கலங்கும். ஆனால் நன்றி வேறு, புதன்கிழமை வேறு.

புதன்கிழமை என்றால் இறால் குளம். தகரக் கொட்டகை, உள்ளே சிமென்ட் தொட்டி, பச்சைத் தண்ணீர், சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி. தூண்டில் போட்டு இறால் பிடித்து, உப்பைத் தடவி அங்கேயே சுட்டுத் தின்னலாம். துணைக்குக் குடைக்கடை லியாங், கண்ணைக் குத்தும் குழல்விளக்கு, கண்டவன் விடும் சிகரெட் புகை, குளிர்ந்த பீர். இராச்சாப்பாடு மறந்துபோகும். வியாழக்கிழமை காலையில் தவறாமல் மின்னல் ஓடும். இரண்டுக்கும் முடிச்சுப் போட சியூமானுக்கு எத்தனை நேரம் ஆகும்?

"இனிமே அந்தக் குளத்துப் பக்கம் நீ தலை வச்சுப் படுக்கக் கூடாது."

"குளத்துல யாராவது படுப்பாங்களா?"

"பேச்சு மட்டும் வக்கணையா வருது, கிழக்குரங்கே. வாந்தி எடுத்தா வாளி பிடிக்கிறது நான்தானே?"

ஏமாற்றிவிட்டுப் போகலாம் என்றாலோ, தேநீர் இருக்கிறது.

பொய் சொன்னால் கெங்யாவுக்குக் கை நடுங்கும். கல்யாணமான புதிதிலேயே சியூமான் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். இராச்சாப்பாடு முடிந்ததும் மண் கெண்டியில் ஊலாங் தேநீர் போடுவாள். கட்டைவிரல் உயரத்துக்குக் கோப்பை. விருந்தாளிக்கு முக்கால் கோப்பை ஊற்றுவதுதான் மரியாதை, நிரப்பினால் அவமானம் என்பது ஊர் வழக்கம். புருஷனுக்கு மட்டும் விளிம்பு தளும்ப ஊற்றுவாள். அதை அவன் விரல்களுக்கிடையே கொடுத்த பிறகுதான் கேள்வி. உண்மை என்றால் கோப்பை அசையாது. பொய் என்றால் கால்சட்டையில் சூடாகத் தீர்ப்பு வந்துவிடும். அவன் பீரோவிலிருந்த கால்சட்டைகளில் கறையில்லாதது அவன் கல்யாணத்துக்குத் தைத்தது ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடையில் ஆள் இல்லை என்று சியூமான் கூடப் போகவில்லை.

"இது வலி வந்தப்புறம் போடுற மாத்திரை இல்ல. வராம இருக்கிறதுக்கு. வலி இருக்கோ இல்லையோ, தினம் ஒண்ணு. நீங்களா நிறுத்தவே கூடாது. பலன் தெரியக் கொஞ்ச நாள் ஆகும்."

"வேற ஏதாவது பண்ணுமா டாக்டர்?"

"நெஞ்சு படபடப்பைக் கொஞ்சம் தட்டி வைக்கும். சிலருக்குக் கைநடுக்கம்கூட அடங்கும்."

கெங்யாவ் தலையாட்டிவிட்டு வந்தான். அந்த வார்த்தையின் மதிப்பு அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது சாமி மாடத்து அன்னாசி கேக்கினால். ஒரு நாள் தேநீர் நேரத்தில் சியூமான் கேட்டாள்:

"சாமிக்கு வச்ச கேக்குல ரெண்டு குறையுது. நீயா எடுத்த?"

"நானா? இல்லையே."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தொடை தானாகச் சூட்டுக்குத் தயாராயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். கோப்பை கோயில் வாசல் கற்சிங்கம் மாதிரி நின்றது. சியூமான் கோப்பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி கோப்பையைப் பார்த்தாள்.

"அப்ப எலிதான்" என்றாள். மறுநாளே எலிப்பொறி வாங்கி வைத்துவிட்டாள்.

கெங்யாவ் குடைக்கடைக்கு ஓடினான்.

"லியாங், என் கையைப் பாரு. நான் ரொம்ப அழகன். ஆடுதா?"

"ஆடலையே. இவ்வளவு பெரிய பொய்க்கே ஆடலையா?"

"எல்லாம் தலைவலி மாத்திரை."

"எனக்கும் ஒண்ணு குடு."

"உனக்கு ஏது தலைவலி?"

"என் பொண்டாட்டிய நீ பார்த்ததே இல்லையா?"

"டாக்டர் எனக்குன்னு எழுதிக் குடுத்ததுடா. கண்டவனுக்குக் குடுக்க இது கடலை மிட்டாயா?"

அன்றைக்கு எடுத்த உறுதிதான் முதலில் சொன்னது. தலை பிழைத்தது ஒரு பக்கம். புதன்கிழமை பிழைத்தது மறுபக்கம். ஒரே மாத்திரையில் இரண்டு பிழைப்பு கிடைத்தால் எவன் விடுவான்?

"கண்ணாடிக்காரங்க சங்கத்துல புதன்கிழமை தோறும் வகுப்பு" என்று அந்த வாரமே அறிவித்தான். "புது மாதிரி லென்ஸாம். ஜப்பான்லேர்ந்து பேராசிரியர் வர்றார்."

கோப்பை அசையவில்லை. சியூமான் அவனுக்கு நல்ல சட்டையாக எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது மருந்து கொடுத்து வளர்த்த புளுகு, மாதக்கணக்கில் ஓடியது. போகப் போக அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. பேராசிரியருக்கு ஒரு கால் விந்தியது. அவர் மகளுக்குக் கல்யாணம் தட்டிப் போயிற்று.

"வகுப்புக்குப் போய்ட்டு வந்தா சட்டையில இறால் வாசனை அடிக்குதே?"

"பேராசிரியர் விருந்து வச்சார். மனசு சரியில்ல அவருக்கு."

"ஐயோ பாவம்" என்றாள் சியூமான். கோப்பையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

குளத்திலும் அவனுக்கு யோகம். முன்பெல்லாம் இறால் தூண்டிலைத் தொட்டாலே ஆசையில் கை உதறி, அவசரப்பட்டு இழுத்து விட்டுவிடுவான். இப்போது கை கல். இறால் இரையை நிதானமாக வாய்க்குக் கொண்டுபோகும் வரை காத்திருந்து இழுத்தான். குளத்தின் வருடாந்திரப் போட்டியில் இறுதிச்சுற்று வரைக்கும் வந்துவிட்டான். ஜெயித்தவன் பெயரைக் கொட்டகை வாசல் பலகையில் பெரிதாக எழுதுவார்கள். வருஷக்கணக்காக அந்தப் பலகையில் தன் பெயரைக் கனவு கண்டவன் கெங்யாவ். தன் வாழ்க்கையில் வேறு எந்தப் பலகையிலும் பெயர் வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். கடைப் பலகையில்கூட மாமனார் பெயர்தான்.

அந்தப் புதன்கிழமையும் வந்தது. சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. சியூமான் தேநீரைத் தளும்ப ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கும் வகுப்பா?"

"கடைசி வகுப்பு. பேராசிரியர் ஊருக்குப் போறார். எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கிறோம்."

கோப்பை அசையவில்லை.

"சரி, போய்ட்டு வா. ஆங், சொல்ல மறந்துட்டேன். மருந்துக்கடையில உன் மாத்திரை தீர்ந்துபோச்சாம்."

"எந்த மாத்திரை?"

"தலைவலி மாத்திரைதான். சொன்னா பயந்துக்குவியேன்னு சொல்லல. இந்த வாரம் முழுக்க டப்பால போட்டு வச்சிருக்கிறது வயித்துக்குப் போடுற மாத்திரை. ரெண்டும் பார்க்க ஒரே வெள்ளை. நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல."

கெங்யாவுக்கு நெஞ்சு அடிப்பது காதில் கேட்பதுபோல் இருந்தது. அவன் கோப்பையைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"அந்தப் பேராசிரியர் பேர் என்ன சொன்ன?" என்றாள் சியூமான்.

பேர். விந்துகிற கால் இருந்தது, தட்டிப்போன கல்யாணம் இருந்தது, பேர் மட்டும் இல்லை. கோப்பை முதலில் மெல்லத் தந்தி அடித்தது. பிறகு அருவி. கால்சட்டை நனைந்ததோ இல்லையோ, வாய் திறந்துகொண்டது. பேராசிரியர் இல்லை என்றான். வகுப்பும் இல்லை என்றான். இறால் குளம், போட்டி, லியாங், பீர். எலி இல்லை, கேக் தின்றது தான்தான். புத்தாண்டுக்குப் போனபோது மாமியார் வீட்டுப் பூச்சாடியை உடைத்தது பூனை இல்லை. பூச்சாடியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

கொட்டி முடித்த பிறகுதான் தலை ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் பொட்டைப் பிடித்துக்கொண்டான்.

"என் தலை. ஒரு வாரமா மருந்தே இல்லாம... டாக்டர் மருந்துல யாராவது விளையாடுவாங்களா, சியூமான்? உனக்கு நான் அவ்வளவு வேண்டாதவனா போய்ட்டேனா?"

சியூமான் எழுந்து போய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் திறந்து வைத்தாள். கூடவே புது அட்டையையும் வைத்தாள். நடுவில் கோடு போட்ட அதே மாத்திரை. இதிலும் அதுதான், அதிலும் அதுதான்.

"உன் தலைவலிக்கு வாசல்ல உட்கார்ந்து காவல் காத்தவ நான். அம்மனையே வெடியில்லாம அனுப்பினேன். உன் மாத்திரைய நான் மாத்துவேனா?"

"அப்ப..."

"மருந்துக்கடைக்காரம்மா கேட்டாங்க. 'தலைவலி எப்படி இருக்கு, அண்ணனுக்குக் கைநடுக்கமும் நின்னிருக்குமே'ன்னு. அப்பதான் எனக்குக் கண்ணாடி போட்ட மாதிரி எல்லாம் தெரிஞ்சுது."

"மாத்திரை போட்டிருந்தும் ஏன் என் கை நடுங்கிச்சு?"

"அதை டாக்டரைப் போய்க் கேளு. இப்ப எந்திரி, கால்சட்டைய மாத்து. கிளம்பலாம்."

"எங்கே?"

"குளத்துக்கு. இறுதிச்சுற்றுன்னு சொன்னியே. வயிறு நிறையச் சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு. பீர் கிடையாது. புகை விடுறவன் பக்கத்துல உட்காரக் கூடாது. விளக்குக்கு முதுகைக் காட்டி உட்காரு. நானும் வர்றேன்."

கெங்யாவ் கால்சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். இத்தனை பொய்க்குப் பிறகும் இப்படி ஒருத்தி. இனி செத்தாலும் இவளிடம் பொய் சொல்வதில்லை என்று மனதுக்குள் இரண்டாவது உறுதி எடுத்தான். மாத்திரையை விடுவதில்லை என்ற முதல் உறுதியையும் ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டான்.

குளத்தில் லியாங் இவளைப் பார்த்ததும் பீர் பாட்டிலை நாற்காலிக்கடியில் தள்ளினான். ஒரு போட்டிக்காரன் வரவில்லை, இடம் காலியாக இருந்தது. குளக்காரர் சும்மா ஒரு மரியாதைக்கு, "அம்மா உட்கார்றீங்களா?" என்றார். சியூமான் உட்கார்ந்துவிட்டாள். இரை கோர்ப்பது எப்படி என்று புருஷனிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்கு நடந்த வகுப்பு.

கெங்யாவின் கைக்கு அன்று என்ன வந்ததோ. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இறால் தொடுவதற்கு முன்பே இழுத்தான், தொட்ட பிறகும் இழுத்தான், ஒரு தடவை லியாங்கின் தொப்பியை இழுத்தான். சியூமான் அசையவில்லை. தூண்டில் முனை லேசாகக் குனியும்; அவள் காத்திருப்பாள். இன்னும் குனியும், இன்னும் காத்திருப்பாள். பிறகு பொறுமையாகத் தூக்குவாள். நீலக் கொடுக்கை விரித்துக்கொண்டு இறால் மேலே வரும். அவள் கூடை நிறைந்து, குளக்காரர் இன்னொரு கூடை கொண்டுவந்து வைத்தார்.

கொட்டகை வாசலில் ஏணி போட்டுப் பலகையில் சியூமான் என்று பெரிதாக எழுதினார்கள். கெங்யாவ்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு இந்த இடம்" என்றாள் சியூமான், சுட்ட இறாலின் தலையைத் திருகிக்கொண்டே. "இனிமே புதன்கிழமை தோறும் ரெண்டு பேருமா வரலாம்."

கெங்யாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாய்விட்டு அழவும் முடியவில்லை. வேறு பேச்சுக்கு மாறினான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. மாத்திரை போட்ட என் கையே அந்த ஆட்டம் ஆடுது. உன் கை எப்படிக் கொஞ்சம்கூட நடுங்கல?"

சியூமான் உரித்த இறாலை அவன் வாயில் ஊட்டினாள்.

"இருபத்தாறு வருஷமா உன் எதிர்லதான் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். என் கோப்பை ஒரு நாளாவது சிந்திப் பார்த்திருக்கியா?"

இல்லைதான் என்று பெருமையாகத் தலையாட்டியபடி இறாலை மென்றான் கெங்யாவ். விழுங்கும்போதுதான் உறைத்தது: இருபத்தாறு வருஷத்தில் அவள் கையில் கோப்பையைக் கொடுத்து அவன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.