தொண்ணூறு டாக்டர்களும் ஒரு நெஞ்சுவலியும்

பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு 'நலமும் நோயும்: இன்றைய ஆராய்ச்சி' என்ற கருத்தரங்கு நடைபெறும். மனிதகுலத்தின் பிணி தீர்க்கும் பொருட்டு அது நடத்தப்படுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும். பதவி உயர்வு வேண்டுவோர் மாதம் மூன்று கருத்தரங்கிலாவது முகம் காட்ட வேண்டும் என்று பதிவாளர் சுற்றறிக்கை விட்டார். அதிலிருந்து மனிதகுலத்தின் மேல் எல்லோருக்கும் அக்கறை பெருகி, அரங்கின் தொண்ணூறு நாற்காலிகளும் நிரம்பிவிட்டன.

அங்கே மைக்கையும் புரொஜெக்டரையும் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மைக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். எழுநூறு கருத்தரங்குகளை நின்றபடியே கேட்டவர். வீட்டில் மனைவி தலை வலிக்கிறது என்றால், "எத்தனை எலிக்கு இப்படி வந்திருக்குன்னு முதல்ல தெரியணும்" என்பார். அந்த அம்மாள் மாத்திரையைத் தானே தேடி எடுத்துக்கொள்வாள்.

அந்த வியாழக்கிழமை இதயப் பேராசிரியர் பேசினார். தலைப்பு, 'மாரடைப்பை முன்கூட்டியே அறிதல்.' ஐந்தாவது ஸ்லைடில் 'வியர்வை' என்று வந்தது. ஏசி அறையில் மைக் அண்ணனுக்குக் குப்பென்று வியர்த்தது. ஆறாவதில் 'இடது கை கனத்தல்.' கை கனத்தது. ஏழாவதில் 'தாடை வலி.' தாடையும் வலித்தது. விஷயத்தை இப்படி ஆழமாகப் பதிய வைக்க இவரைவிட்டால் ஆளில்லை என்று மைக் அண்ணன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

எட்டாவது ஸ்லைடு, 'நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்தது போன்ற அழுத்தம்.'

"அடுத்தது," என்றார் பேராசிரியர். ஸ்லைடு நகரவில்லை. "அடுத்தது போடுங்க."

"சார், எனக்கு அது வந்துடுச்சு."

மேடையில் தலைமை வகித்த துறைத்தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கேள்விகள் கடைசியில்."

மைக் அண்ணன் கட்டுப்பாடான மனிதர். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மிச்சம் பதினான்கு ஸ்லைடுகளையும் தள்ளி முடித்தார். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"நெஞ்சு வலிக்குது சார். மூச்சு வாங்குது."

"நல்ல கேள்வி," என்றார் பேராசிரியர். "ஆனா இது கேள்விங்கிறதைவிட ஒரு கருத்துன்னுதான் சொல்லணும்."

மைக் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. செல்போனில் படம் எடுத்தார்கள்.

"இங்கே டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று மேடையிலிருந்து கேட்டார் துறைத்தலைவர். தொண்ணூறு கைகள் உயர்ந்தன.

"மருந்து கொடுக்கிற டாக்டர்?"

தொண்ணூறும் இறங்கின.

"உங்க எடை என்ன?" என்று குனிந்து கேட்டார் பேராசிரியர்.

"எழுபத்திரண்டு கிலோ சார்."

"எங்க எலி முப்பது கிராம். இந்த அளவுல நாங்க இன்னும் பார்க்கலை."

"நான் மீன்ல பார்த்திருக்கேன்," என்றார் இன்னொருவர். "ஆனா மீனுக்கு வியர்க்காது."

நெறிமுறைக் குழுச் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யாரும் தொடாதீங்க. இவர் மனுஷன். மனுஷனைத் தொடணும்னா குழு ஒப்புதல் வேணும். குழு அடுத்த மாசம்தான் கூடுது."

அரங்கைப் பெருக்குவதற்காக வாசலில் துடைப்பத்தோடு காத்திருந்த துப்புரவு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, எதிர்த்தாப்புல நம்ம ஆஸ்பத்திரிதானே இருக்கு? தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அது வேற துறைம்மா. முறைப்படி கடிதம் எழுதணும்," என்றார் துறைத்தலைவர்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். டீ தள்ளுவண்டியிலிருந்து கோப்பைகளைக் கீழே இறக்கினாள், மைக் அண்ணனைத் தூக்கி அதில் உட்கார வைத்தாள், தள்ளிக்கொண்டு கிளம்பினாள். அப்போதுதான் அரங்கில் முதன்முறையாகப் பதற்றம் தெரிந்தது.

"அப்போ டீ வராதா?"

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டரம்மா ஊசி போட்டார், நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார். கொஞ்சம் மூச்சு சீரானதும், "முக்கால் மணி நேரமா வலிச்சிருக்கே, எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார்.

"மாரடைப்பை முன்கூட்டியே அறியற கருத்தரங்குல, டாக்டர்."

மனைவி ஓடி வந்து, அழுது முடித்து, பிறகு கோபத்துக்கு வந்தாள். "எழுநூறு கூட்டம் கேட்டவருக்கு, நெஞ்சு வலிச்சா எங்கே போகணும்னு தெரியலையா?"

மைக் அண்ணன் யோசித்துப் பார்த்தார். "அதைப் பத்தி இன்னும் யாரும் பேசலையே."

ஆறு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். மேஜைமேல் குறிப்பாணை காத்திருந்தது. நன்றியுரைக்கு முன்பே அரங்கைவிட்டு வெளியேறியதற்கும், டீ தள்ளுவண்டியை அதற்குரியதல்லாத பணிக்குப் பயன்படுத்தியதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். 'நெஞ்சுவலி காரணமாக' என்று எழுதிக் கொடுத்தார். 'வலி ஏற்பட்டதை நேரில் கண்ட இருவரின் கையொப்பம் தேவை' என்று திரும்பி வந்தது. தொண்ணூறு பேரும் அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதில் போட ஒருவரும் முன்வரவில்லை.

அடுத்து வந்த வியாழக்கிழமை அரங்கில் நிற்க இடமில்லை. தலைப்பு, 'கருத்தரங்கில் ஒரு மாரடைப்பு: நேரடி அவதானிப்பு.' பேசியவர் அதே இதயப் பேராசிரியர். மைக் அண்ணன் ஸ்லைடு தள்ளினார். மூன்றாவது ஸ்லைடில், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தன்னுடையது என்று மைக் அண்ணனுக்குத் தெரிந்தது. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எல்லா அறிகுறிகளும் தங்கள் கண்ணெதிரிலேயே தெளிவாகத் தெரிந்ததாகவும், மேலும் ஆய்வு தேவை என்றும் பேராசிரியர் முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மீன் ஆராய்ச்சியாளர் எழுந்தார். "அந்த ஆள் அப்புறம் என்ன ஆனார்?"

பேராசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தள்ளுவண்டி வாசலைத் தாண்டினதோட எங்க அவதானிப்பு முடிஞ்சுபோச்சு. ஆனா எங்ககிட்ட இருக்கிற தகவலை வெச்சுப் பார்த்தா, பிழைச்சிருக்க வாய்ப்பில்லை."

அரங்கே பெருமூச்சு விட்டது. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தவர். அவருக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம். மைக் அண்ணே, லைட்டைக் கொஞ்சம் குறைங்க."

மைக் அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் மௌனம் ஆரம்பித்துவிட்டது. மௌனத்தின் நடுவே பேசி அவருக்குப் பழக்கமில்லை. விளக்கைக் குறைத்து, மைக்கை அணைத்துவிட்டு, அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சாதாரண மனிதனுக்காக இத்தனை பெரியவர்கள் எழுந்து நிற்பதை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. பாவம், நல்ல மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.