சிஐடி சேச்சி பிடித்த திருடி

கொச்சியில் எழுதப்பட்ட எந்த வாக்கியத்தையும் சிஐடி சேச்சி நம்பியது கிடையாது. பஸ்ஸில் ‘ஸ்திரீகள்’ என்று எழுதிய சீட்டில் உட்காரும் முன்பே, “இது ஆரு எழுதினதுன்னு அறியலையே” என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிற ரகம்.

மதுரையிலிருந்து வேலை தேடிப் போன எனக்கு மட்டாஞ்சேரியில், ஒரு மிளகு கோடவுனின் மாடியில் இருந்த சின்ன ஆபீஸில் இடம் கிடைத்தது. மீன்வள ஆராய்ச்சிக்காரர்கள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். சேச்சி அங்கே மூத்தவர். பல தலைமுறைகளாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். சிஐடி என்பது ஆபீஸ் வைத்த பெயர்.

முதல் நாள் என் கையில் வந்த கட்டுரை ‘இட் இஸ் வெல் நோன் தட்’ என்று ஆரம்பித்தது. யாவரும் நன்கறிந்தபடி என்று அர்த்தம். சேச்சி எட்டிப் பார்த்தார்.

“ஆருக்கு நன்னா அறியும்? எனக்கு அறியாது. உனக்கு அறியுமோ?”

“தெரியாது சேச்சி.”

“இந்த ரூம்ல ஒருத்தருக்கும் அறியாது. வெட்டு அதை.”

‘தரவுகள் இங்கே காட்டப்படவில்லை’ என்று எழுதியிருந்தால், “ஒளிச்சு வெச்சிருக்கான்.” ‘எங்களுக்குத் தெரிந்தவரை இதுவே முதல் ஆய்வு’ என்றால், “தேடவே இல்லை.” ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்றால், “அடுத்த புராஜெக்ட்டுக்கு இப்பவே துண்டு போட்டு வெக்கறான்.” அவருக்கு ஜென்மப் பகை ‘பிளேஸ் அன் இம்பார்ட்டன்ட் ரோல்’. “மத்தி முக்கியப் பங்கு வகிக்கறது, செம்மீன் முக்கியப் பங்கு வகிக்கறது, பாசியும் வகிக்கறது. அப்போ கடல்ல சும்மா இருக்கிறது ஆருடா?”

வெளியிலும் இதே கதைதான். தெருவில் மீன்காரர், “இப்போ பிடிச்ச மீனாணு சேச்சி” என்று சொல்லிவிட்டால் போச்சு. யார் பிடித்தது, எங்கே பிடித்தது, கூட இருந்து பார்த்தது யார்? சேச்சியின் குடை தெருமுனையில் தெரிந்தாலே அவர் கூடையை மூடிவிடுவார். தங்கை மகளுக்கு வரன் கொண்டுவந்த தரகர், “பையன் தங்கம்னு எல்லாரும் சொல்றா” என்றார். “எல்லாருன்னா ஆரு? ரெண்டு பேரோட பேரைச் சொல்லும்” என்றார் சேச்சி. தரகர் சாயாவைக்கூட முடிக்காமல் இறங்கிப் போனார்.

இப்படிப்பட்டவர் கையில் வந்து மாட்டினாள் ஷாஹினா.

மட்டாஞ்சேரிப் பெண். களமசேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் கரிமீன் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய ஆய்வேட்டைக் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டதும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. அவளுடைய கைடு கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த வாரத்துக்குள் கொடுக்காவிட்டால் வெளிநாட்டில் கிடைத்திருந்த வேலை கைவிட்டுப் போய்விடும் என்று, திருத்தித் தரச் சொல்லி எங்களிடம் ஓடி வந்திருந்தாள்.

சேச்சி சிவப்பு வரிகளைப் படித்தார். முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாகத் தேடிய திருடி நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்!

“இந்த வரி எங்கேர்ந்து எடுத்தே?”

“எடுக்கலை சேச்சி. எங்க துறையில எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க.” அவள் மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

“எல்லாருன்னா ஆரு?”

ஷாஹினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க வீட்டுல இங்கிலீஷ் பேச யாருமில்லை. சீனியர்மாருடைய கட்டுரைகளைப் படிச்சுப் படிச்சுத்தான் எழுதக் கத்துக்கிட்டேன். அந்தக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்ததே உங்க ஆபீஸ்தான்!”

“பேரைச் சொல்லு.”

அவள் சொன்னாள். சேச்சி விடவில்லை, கம்ப்யூட்டரில் அந்தப் பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்தார். ‘இந்த மீன் என்ன தின்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை’ என்று ஒரு சீனியர் சாதாரண ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். யாரோ அதை அடித்துவிட்டு, ‘ஃபீடிங் ஈக்காலஜி ரிமெய்ன்ஸ் பூர்லி அண்டர்ஸ்டுட்’ என்று போட்டிருக்கிறார்கள். ஷாஹினாவின் ஏட்டில் சிவந்து கிடந்ததும் அதே வரி. அடுத்த கட்டுரையிலும் அப்படி. அதற்கடுத்ததிலும்.

“ஆருடா திருத்தினது?” என்று கேட்டுக்கொண்டே ஓரத்திலிருந்த பெயரைப் பார்த்தார். அது சேச்சியின் பெயர்.

“சேர்ந்த புதுசு. எனக்கும் இங்கிலீஷ் நன்னா வரும்னு காமிக்கணும்னு இருந்தது” என்றார் சேச்சி. நாற்காலியை ஷாஹினா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி மோளே. அந்த மீன் என்ன தின்னும்? வாயால பறை.”

அவள் சொல்லச் சொல்ல, சேச்சி கேள்வி கேட்டுக் கேட்டு, அவளையே எழுத வைத்தார். நான் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தபடி இருந்தேன். மூன்றாம் நாள் மூவருமாகக் களமசேரிக்குப் போனோம்.

கைடு நல்ல மனுஷர். பயந்த சுபாவம், அவ்வளவுதான். “நீங்க இந்தக் குட்டிக்கு யாரு?” என்று கேட்டார்.

“அந்தச் சிவப்பு வரியெல்லாம் என்னோடது சார். ஊர் பூரா பரப்பினது நானாக்கும். இவ எடுக்கலை. இப்போ இதுல இருக்கிறதெல்லாம் இவளோட வரி. படிச்சுப் பாருங்கோ, எங்கே வேணும்னாலும் கேள்வி கேளுங்கோ.”

அவர் கேட்டார். ஷாஹினா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவர் பேனாவைத் திறந்தார். அந்தக் கையெழுத்து காயும்வரை சேச்சி கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத ஷாஹினா, இடப்பள்ளி தாண்டுவதற்குள் சேச்சியின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி உறங்கிவிட்டாள். மட்டாஞ்சேரி வந்தது. நான் எழுந்தேன். சேச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“குட்டி உறங்கட்டும்டா” என்று கிசுகிசுத்தார்.

ஃபோர்ட் கொச்சி வரைக்கும் போனோம். வழி நெடுக, அந்தத் தோள் ஒரு முறைகூட அசையவில்லை.